சேதுக்கரையில் விருந்தோம்பினோர்

டில்லி மாநகரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள், வடநாட்டு அண்டை வீட்டார் ஒருவரேனும் வந்து, "இராமேசுவரம் போகிறோம், அங்கே எங்கே தங்குவது, உண்பதற்கு என்ன கிடைக்கும்?" என்று வினவாத குடும்பம் அரிதாகவே இருக்கும். தமிழர் என்ற ஒரே காரணத்தால் அத்தீவின் ஒவ்வொரு தெருவும் நமக்குத் தெரிந்திருக்கும் என அவர்கள் கருதுகின்றனர். உண்மை வேறு. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மிற் பலர் மதுரையோடு திரும்பிவிடுகிறோம். கேட்டவர்களோ கங்கை நீரைச் செம்பில் அடைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். அந்நீர் இராமநாதப் பெருமானுக்கு அபிடேகமாகும். சேதுவின் மணல் திரும்பி வந்து பிரயாகையில் திரிவேணியிற் கரையும். அதன் பின்னரே யாத்திரை நிறைவுறும் என்பது அவர்தம் கொள்கை.

கோயிலின் சிறப்பையும் மூன்றாம் பிராகாரத்தின் நீளத்தையும் எழுதினோர் பலர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. அங்ஙனம் வருகின்றவர்களை ஏற்று, இடங்கொடுத்து, சோறிட்டு, நீராட்டி அனுப்பிய மக்களைப் பற்றியும், அதற்கான செலவை யார் தாங்கினர் என்பதைப் பற்றியுமே இங்குச் சில கூற விரும்புகிறோம்.

இராமேசுவரத் தீவு மணற்பாங்கானது. பனையும் தென்னையும் உடைமரமும் வளரும். நெற்பயிருக்கு ஏற்ற நிலமன்று. ஆதலின் விருந்தினர் இலையில் விழும் சோற்றின் ஒவ்வொரு பருக்கையும் பாம்பன் கால்வாயைக் கடந்து வந்தாக வேண்டும். 1914-ஆம் ஆண்டு பெப்ரவரி 24-ஆம் நாள் புகைவண்டிப் பாலம் திறக்கப்படும் வரையில் யாத்திரிகரும் தோணியில் வந்தனர். அவர்கள் உண்ணும் அரிசியும் தோணியில் வந்தது. தனக்கே விளைவில்லாத ஊர் பிறருக்கு உணவளித்தது எவ்வாறு?

பழங்காலத்தில் இதற்கு விடை அரசர் என்பதே. மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ஆம் ஆண்டளவில் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தியபோது, இராமேசுவரம் செல்லும் வழியில் கள்வர் பயம் மிகுந்திருந்தது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். யாத்திரிகர் அஞ்சாது சென்று மீளுமாறு காப்பது புதிய சேதுபதிக்கு இடப்பட்ட பணிகளுள் தலையாயது. நாட்டை ஆள்வதற்கு முன் வழியைக் காக்கக் கடமைப்பட்ட மரபு அது. சேதுபதிகளின் மற்றைப் பெருமைகள் யாவும் இதன் பின்னரே வைத்து எண்ணத்தக்கவை என்பது நம் கருத்து.

தீவின் நடுவே அக்காள்மடம், தங்கச்சிமடம் என இரண்டு ஊர்கள் உள்ளன. பாம்பனிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் அடுத்தடுத்து வருபவை. அவற்றைப் பற்றி விசயரகுநாத சேதுபதி காலத்தது என ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அரசர் தம் பெண்மக்கள் இருவரையும் ஒருவருக்கே மணஞ்செய்து கொடுத்து, அம்மருமகரைப் பாம்பன் பகுதிக்கு அதிகாரியாக வைத்தார். மணலில் கால் புதைய நடந்து யாத்திரிகர் வருந்துவதைக் கண்ட மருமகர், கல் பாவிய சாலை ஒன்றை அமைத்தார். அதற்கான பணத்துக்கு யாத்திரிகர்களிடமே வரி தண்டினார். செய்தி அரசர் செவிக்கு எட்டியது. சேதுவுக்கு வருவோரிடம் காசு பறித்தவன் உயிரோடிருத்தல் ஆகாதென்று அவருக்கு மரணதண்டனை விதித்தாராம். பெண்கள் இருவரும் கணவனோடு தீப்புகுந்தனர்; அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே இன்று ஊர்ப்பெயர்களாக நிற்கின்றன என்பர்.

இக்கதையைக் கூறுவோர் அரசரின் நீதியை வியந்து கூறுவது வழக்கம். நமக்கோ அம்மருமகரின் பக்கமும் ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. அவர் வாங்கிய காசு சாலையாயிற்று. அச்சாலையில் நடந்தவர்கள் அவருக்குப் பின்னும் நடந்திருப்பர். விருந்தினரிடம் பொருள் பெறுவது பாவம் என்றால், பெறாமலே அவர்களைப் பேணுவதற்கு வேறோர் ஊற்று வேண்டும். அரசருக்கு மறவர் நாட்டு நிலவரி இருந்தது. தீவில் இருந்து வேலை செய்தவருக்கு என்ன இருந்தது? தெரிந்தோ தெரியாமலோ இந்த வழக்கு இன்றளவும் தீவில் நடந்துகொண்டே இருக்கிறது.

நிற்க. அந்த ஊற்றைச் செம்மையாக அமைத்துக் காட்டியவர்கள் தஞ்சை மராட்டிய மன்னர்கள். தஞ்சையிலிருந்து சேதுவுக்குச் செல்லும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் விளைநிலங்களை எழுதி வைத்தனர். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், கடலோரத்தில் இராசாமடம், மீமிசல் என அவை தொடர்ந்தன. சேதுபாவாசத்திரம் என்றோர் ஊரே அப்பெயரால் விளங்குகிறது. 1799-இல் தஞ்சை அரசு கும்பினியார் கைக்குச் சென்ற பின், இச்சத்திர நிலங்களும் பறிபோகுமோ என்று இரண்டாம் சரபோஜி மன்னர் அஞ்சினார். 1801-இல் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் நம் நாட்டு விருந்தோம்பலின் வரலாற்றில் தலைசிறந்த ஆவணம் எனலாம்.

அக்கடிதத்தில் மன்னர் புகழ்மொழி பேசவில்லை. சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று கணக்குப்பிள்ளை கூறுவது போலக் கூறுகிறார். சாதி வேறுபாடின்றி வருவோர் அனைவருக்கும் உணவு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என அழைத்து, எஞ்சிய சோற்றை வழங்குவர். நோயால் மேலே செல்ல இயலாதவர்களுக்கு மருத்துவர் உண்டு. நலம் பெறும் வரை தங்கலாம். கருவுற்ற பெண்களைப் பேணுவர். தாயற்ற குழந்தைகளுக்குப் பாலூட்டி வளர்த்துக் கல்வி கற்பிப்பர். வழியில் இறந்தோருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன் செய்வர். அரசை இழந்த மன்னர், தம் அரண்மனையின் பெருமையைக் கூறி இரக்கவில்லை. நள்ளிரவு மணி நின்றுவிடக் கூடாதென்றே இரந்தார்.

இனித் தீவினுள் நடந்த அன்றாட வாழ்வைக் காண்போம். அரசரின் சத்திரமும் பின்னர் எழுந்த நகரத்தார் சத்திரமும் வடநாட்டு வணிகர்களின் தருமசாலைகளும் கூரையும் சோறும் தந்தன. ஆனால் யாத்திரிகரைக் கைப்பிடித்து நடத்தியவர் பண்டாக்கள். இராமேசுவரக் கோயிலின் அருச்சகர்கள் மராட்டிய அந்தணர்கள் என்பது நம்மிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வடமொழி மந்திரத்தோடு, வருபவர் தாய்மொழியிலும் இரண்டு வார்த்தை பேசி, அவர்தம் குலமும் கோத்திரமும் கேட்டுச் சங்கற்பம் செய்துவைப்பது அவர்கள் தொழில். ஒரு பகல் முழுவதும் அந்நியரின் அச்சத்தைத் தணித்துக்கொண்டே இருப்பது எளிய தொழிலன்று. விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம்; அக்கினி தீர்த்தக் கடலில் நீராட்டு; பின்பு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்று, கயிறு கட்டிய வாளியை வீசி இறைத்து, தலைகள்மீது ஊற்றிக்கொண்டே அடுத்த கிணற்றுக்கு விரையும் ஆட்களைப் பார்த்தவர் மறக்கமாட்டார். யாத்திரிகர் நனைவது ஒருமுறை. அவர்கள் நாள் முழுவதும் நனைந்தவர்கள்.

பண்டாக்களைக் குறைகூறுவோர் என்றும் உண்டு. தட்சிணை அதிகம், வற்புறுத்தல் அதிகம் என்பர். அக்குறையில் உண்மையே இல்லை என்று நாம் வாதிடப்போவதில்லை. ஆனால் மன்னர் எழுதி வைத்த நிலம் சத்திரத்துக்கு இருந்தது போல வாளி இறைப்பவனுக்கு இருந்ததில்லை.

இங்கே பாஸ்கர சேதுபதியை நினையாமற் செல்ல இயலாது. 1897 சனவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் வந்திறங்கியபோது அவரை எதிர்கொண்டழைத்தவர் அவர். கோயிலில் சுவாமிகள், ஏழைகளிடம் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்று பேசினார். அதன்பின் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு உணவும் உடையும் அளித்தார் சேதுபதி. வாரி வழங்கியே கடன்பட்டு அல்லலுற்ற மன்னர் அவர். ஒரு தீவின் விருந்துச் செலவு அரசரையும் வறியராக்க வல்லது.

தனுஷ்கோடிக்குச் செல்லும் யாத்திரிகரை ஏற்றிச் சென்றவர்கள் படகுக்காரர்கள். அவர்களுள் ஒருவர் மசூதித் தெருவில் வாழ்ந்த ஜைனுலாப்தீன் மரைக்காயர். சேதுவில் நீராட வரும் இந்து யாத்திரிகருக்கென அவர் கட்டிய மரப்படகு நன்றாக ஓடியது. ஒரு பெரும்புயலில் அழிந்தது. அவர் மனைவி ஆஷியம்மா நாள்தோறும் எத்தனை பேருக்குச் சோறிட்டார் என்பது நினைவில்லை, வீட்டாரினும் வெளியாரே மிகுதி என்று அவர்தம் மகன் பிற்காலத்தில் எழுதினார்.

படகைக் கொண்டுபோனது வேறொரு புயல். யாவரும் அறிந்த புயல் 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசியது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டது. இரயில் நிலையமும் சுங்கச்சாவடியும் அஞ்சலகமும் இருந்த தனுஷ்கோடித் துறை, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவோர் தங்கிய ஊர், ஓரிரவில் இடிபாடாயிற்று. கோயிலின் எல்லையளவில் வெள்ளம் நின்றது. நூற்றுக்கணக்கானோர் அந்தப் பிராகாரங்களில் அடைக்கலம் புகுந்திருந்தனர். வந்தோர்க்கெனக் கட்டிய கோயில் அன்றிரவு தீவின் மக்களுக்கே சத்திரமாயிற்று.

பிறகு நடந்தவற்றை விரிவாகக் கூற வேண்டுவதில்லை. சிதைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் 46 நாட்களில் சீராக்கினார். 1988-இல் சாலைப்பாலம் திறந்தது. காலையில் வண்டியில் வந்து மாலையில் திரும்புவோர் பெருகினர். இரவு தங்கி, மறுநாள் விடைபெறும் விருந்தினர் குறைந்தனர். பழைய இரயில்பாலம் 2022 திசம்பரில் ஓய்ந்து, புதியது 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. விருந்தினரை விரைவாகக் கொண்டுவருவதும் விரைவாகத் திருப்பி அனுப்புவதும் ஒரே பாலந்தான்.

அந்தப் படகுக்காரரின் மகனை டில்லித் தமிழராகிய நமக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. அப்துல் கலாம் அவர்கள் 2002 முதல் 2007 வரை இந்நகரில் குடியரசுத் தலைவராக இருந்தார். 2006 மே மாதத்தில் இராமேசுவரத்திலிருந்து அவர்தம் உறவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் டில்லி வந்து, ராஷ்டிரபதி பவனில் எட்டு நாட்கள் தங்கினர். தீவிலிருந்து வந்தவர்கள் இம்முறை விருந்தினர். அவர்கள் தங்கிய அறைகளுக்கும், உண்ட உணவுக்கும், குடித்த ஒவ்வொரு கோப்பைத் தேநீருக்கும் கணக்கு எழுதி வைக்குமாறு அவர் பணித்திருந்தார் என்று அவருடைய செயலாளர் பின்னர் எழுதியுள்ளார். அவர்கள் ஊர் திரும்பிய பின் கணக்கு வந்தது. மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அத்தொகையைக் கலாம் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார்.