உறைமோரின் வழிமரபு

சேலம், நாமக்கல் சமவெளியின் பழமையைப் பேசுவோர் சங்ககிரிக் கோட்டையையும் நாமக்கல் குடைவரையையும் எடுத்துரைப்பர். அவ்விரண்டினும் முதிய செயல் ஒன்று இவ்வூர்களின் அடுக்களையில் இரவுதோறும் நடைபெற்று வருகிறது. பாலுக்கு உறை ஊற்றுதலே அது.

பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகள் விடியலில் தயிர் கடைந்து, மோரைக் கொடுத்துத் தானியம் பெற்று வருகிறாள். 'உறை' என்ற சொல் அங்கேயே தயிரோடு சேர்ந்து நிற்கிறது. சிலப்பதிகாரத்திலோ குடத்துப் பால் உறையாமை கண்டு மாதரி தீங்கு வருமென்று அஞ்சுகிறாள். தோயாமை தீக்குறியாக வேண்டுமாயின், நாள்தோறும் தோய்வது எத்துணை உறுதியாக இருந்திருக்க வேண்டும்!

அரபியில் உறைமோருக்கு 'ரூபா' என்று பெயர். தோய்ந்த பால் 'ராயிப்'. (நம் ரூபாய்க்கும் இதற்கும் உறவில்லை.) துருக்கியரின் 'யோகுர்ட்' என்ற சொல்லை 11-ஆம் நூற்றாண்டிலேயே மஹ்மூது காஷ்கரீ, துருக்கி மொழிக்கு அரபியில் இயற்றிய அகராதியில் பதிந்து வைத்தார். தயிரைத் தோய்விக்கும் நுண்ணுயிரைப் பல்கேரியரான கிரிகோரோவ் ஜெனீவாவில் கண்டறிந்தது 1905-இல்தான்.

நம் பெண்மக்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. பாலைப் பொங்கக் காய்ச்சினர்; வேற்றுக் கிருமிகள் மடிந்தன, தயிரும் கெட்டியாயிற்று. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றினர். அதுவே அவர்களின் வெப்பமானி. சூடு மிகுந்தால் உறையின் உயிர் அழியும், குறைந்தால் உறங்கும். ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் போதும். மிகுதியாக ஊற்றினால் விடிவதற்குள் புளித்துவிடும். பிறகு பாத்திரத்தை அசைக்கலாகாது.

பாத்திரத்தில் இச்சமவெளி கொடுத்து வைத்தது. சேலத்துப் பக்கத்து மாக்கல்லில் கடைந்த கல்சட்டி, ஏற்ற சூட்டை எளிதில் விடாது. புதுச்சட்டியை எண்ணெய் பூசியும் வடிகஞ்சி ஊற்றியும் பல நாள் பழக்கிய பின்னரே அடுப்பேற்றுவர். மார்கழிக் குளிரில் அதனைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பதும், தணிந்த அடுப்பின் கதகதப்பில் வைப்பதும் உண்டு. கம்பங்கூழுக்கு மோரும், பெயர் பெற்ற ராசிபுரம் நெய்யும் இப்படித் தோய்ந்த தயிரிலிருந்து வந்தவையே.

ஆயினும் சட்டியினும் அரியது உறைமோர். மத்ரஸாவில் ஓதியவர்கள் 'சனது' என்னும் ஆசிரியத் தொடரை அறிவர். அத்தகைய தொடர் உறைமோருக்கும் உண்டு. எழுதி வைப்பார்தான் இல்லை. பள்ளிவாசல் தெருவின் உறை ஒரு காலத்தில் வேளாளர் வீட்டுத் தயிரிலிருந்து வந்திருக்கும். அவர்கள் உறை தவறிய நாளில் இங்கிருந்து திரும்பிப் போயிருக்கும். விளக்கு வைத்தபின் கொடுக்க மாட்டார்கள் என்பதால், மஃரிபுக்கு முன்பே கிண்ணத்துடன் பிள்ளைகள் ஓடுவர். வெளியூர் செல்வோர் திரும்பி வந்து அண்டை வீட்டில் உறை வாங்குவர். உறைத் தயிரும் கடையிலேயே கிடைக்கும் இந்நாளில் அக்கிண்ணங்கள் வாசல் தாண்டுவது அருகிவிட்டது.

உறையே அற்றுப்போன வீட்டார், வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்புகளை இட்டுத் தொடங்குவதுண்டு. இது தொன்மையான முறையன்று. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துகீசியரால் இங்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். முதல் நாள் தயிர் நன்றாக இராது. அதையே உறையாக்கி இரண்டு மூன்று முறை தோய்த்தால் சுவை படியும். அடுத்த வீட்டில் ஒரு கரண்டி கேட்பது இதனினும் எளிது.