கம்பெனி விட்ட படகு – 9: பதினோரு மாதக் கெடு

போன வாரம் தேவனாம்பட்டினம் கோட்டையில் பீரங்கியை ஏற்றி நிறுத்தியிருந்தோம். இனித் திரியில் நெருப்பு வைத்துவிடலாம்.

1690. கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து அந்தக் கோட்டையை விலைக்கு வாங்குகிறது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் விசித்திரமான பதில் இருந்தது: பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? சென்னையிலிருந்து கைதேர்ந்த ஆளை வரவழைத்து நாலாபக்கமும் சுட்டான். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூரே அடங்கிவிட்டது. அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நின்றது. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இங்கே வந்து உட்கார்ந்தது.

ஓர் ஊருக்குள் நுழைய அந்தக் கம்பெனிக்குப் பீரங்கி தேவைப்பட்டது. பின்னால் வந்த கம்பெனிகள் கெட்டிக்காரக் கம்பெனிகள். பொம்மையும் பாட்டும் போதும் என்று கண்டுகொண்டன. அதைப் பார்க்க 273 வருடம் தாவவேண்டும். தாவுவோம்.

*

1963, நியூயார்க். மறு ஏப்ரலில் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் உலகக் கண்காட்சி தொடங்கப் போகிறது. 'புரிதல் வழியே அமைதி' என்பது அதன் முழக்கம். ஆனால் மைதானத்தின் நல்ல இடங்களையெல்லாம் வளைத்துப் போட்டவர்கள் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஜெனரல் எலெக்ட்ரிக். பெப்சிகோலாவுக்கும் அங்கே இடம் இருந்தது. ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுடன் கூட்டு. கொட்டகைக்குள் என்ன காட்டுவது என்பதில்தான் இயக்குநர் குழுவில் ஒத்த கருத்து வரவில்லை.

குளிர்பானக் கம்பெனிக்குக் குழந்தைகள்மேல் திடீரென்று ஏன் பாசம்? அதே 1963-இல்தான் 'பெப்சி தலைமுறை' என்ற விளம்பரம் கிளம்பியது. பெரியவர்கள் ஏற்கெனவே கோக கோலா பக்கம். சின்ன வயதுக்காரர்களைப் பிடித்துவிட்டால் ஆயுசுக்கும் வாடிக்கை. இரண்டாம் உலகப்போர் முடிந்து பசியில் கிடந்த குழந்தைகளுக்காக 1946-இல் தொடங்கப்பட்டது யுனிசெஃப். குஜராத்தின் ஆனந்தில் 1955-இல் பால்பவுடர் ஆலை எழும்ப இயந்திரம் தந்ததும் அதுதான். பால் கொடுக்கும் அமைப்பும் சர்க்கரைத் தண்ணீர் விற்கும் கம்பெனியும் ஒரே பலகையில் பெயர் எழுதிக்கொண்டன. இதில் எனக்குக் கொஞ்சம் நெருடல் உண்டு. இருக்கட்டும், கதைக்கு வருவோம்.

அந்த இயக்குநர் குழுவில் ஒரு சினிமா நட்சத்திரம் இருந்தார். ஆஸ்கர் வாங்கிய ஜோன் கிராஃபோர்ட். பெப்சி தலைவராக இருந்த கணவர் ஆல்ஃபிரட் ஸ்டீல் 1959-இல் இறந்தபின் அவருக்குக் குழுவில் நாற்காலி கிடைத்தது. விதவைக்குக் காட்டிய மரியாதை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அந்த அம்மாள் அப்படி நினைக்கவில்லை. நமக்குத் தெரிந்தவர் வால்ட் டிஸ்னி இருக்கிறார், அவரிடம் போவோம் என்று விடாப்பிடியாக நின்றார்.

போனார்கள். கலிஃபோர்னியாவில் அவர்கள் முதலில் பார்த்தது டிஸ்னியை அல்ல. கடற்படையில் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்று, டிஸ்னியிடம் வேலை பார்த்த ஜோ ஃபௌலரை. கணக்குப் போட்டுப் பார்த்த ஃபௌலர், ஒரு வருடம்கூட இல்லாத நேரத்தில் இது நடக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பெப்சி தூதர்கள் கிளம்பிவிட்டார்கள். விஷயம் டிஸ்னியின் காதுக்குப் போனது.

*

டிஸ்னிக்குக் கோபம் வந்ததாம். முடியும், முடியாது என்பதை நான்தானே சொல்லவேண்டும்? அந்தக் கண்காட்சிக்காக அவர் கையில் ஏற்கெனவே மூன்று வேலைகள். ஃபோர்டுக்குக் கார் சவாரி, ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குச் சுழலும் அரங்கு, இலினாய் மாநிலத்துக்கு எழுந்து நின்று பேசும் லிங்கன் பொம்மை. நாலாவதாக இதையும் தலையில் போட்டுக்கொண்டார்.

இதைப் பெருந்தன்மை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல வியாபார மூளையாகப் படுகிறது. கம்பெனிகள் காசு கொடுக்கின்றன. அந்தக் காசில் தன் ஆட்கள் புது வித்தைகளைக் கற்றுக்கொள்வார்கள். கண்காட்சி முடிந்ததும் சாமான்களை டிஸ்னிலாந்துக்குக் கொண்டுபோய்விடலாம். செலவு ஊரான் வீட்டுக் கணக்கில்!

உலகத்துக் குழந்தைகளைப் பொம்மைகளாக நிறுத்தி, அவற்றின் நடுவே ஆட்களைப் படகில் கூட்டிப்போவது என்று திட்டம். மீதி இருந்தது சுமார் பதினோரு மாதம். டிஸ்னி முதலில் கூப்பிட்டது மேரி பிளேரை. 'சிண்ட்ரெல்லா', 'பீட்டர் பான்' படங்களுக்கு வண்ணம் யோசித்துக் கொடுத்த ஓவியர். 1953-இல் வேலையை விட்டுவிட்டுக் குழந்தைப் புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் வரைந்துகொண்டிருந்தார். வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி உலகத்தையே செய்தார். ஈஃபில் கோபுரமும் தாஜ் மகாலும் பிள்ளைகள் அடுக்கிய கட்டைகள் மாதிரி நின்றன. பொம்மைகளின் முகத்தை வடித்தவர் பிளெய்ன் கிப்சன். உலகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே முக அச்சு. நிறமும் முடியும் உடையும்தான் மாறும். உடை தைக்க வைத்தவர் ஆலிஸ் டேவிஸ். முந்நூற்றுக்கும் மேற்பட்ட பொம்மைகள். அதில் சேலை கட்டிய நம் பிள்ளைகளும் உண்டு.

பர்பேங்க் ஸ்டுடியோவில் முழுக் காட்சியையும் மாதிரியாக நிறுத்தி, சக்கரம் வைத்த படகில் டிஸ்னியை உட்காரவைத்து, நிஜத்தில் போகப்போகிற வேகத்திலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாம் அழகாக இருந்தது.

ஒலிபெருக்கியைப் போடும் வரை.

*

அதற்குமுன் படகைப் பற்றி இரண்டு வார்த்தை. நம்மவர்களுக்குப் படகு சவாரி என்றால் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் சுமார் 16 கிலோமீட்டர். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் சுரபுன்னைக் காடு. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகு ஏறினால் படகோட்டி அண்ணன் குறுகலான வாய்க்கால்களுக்குள் கூட்டிப்போவார். கிளை வந்தால் குனியச் சொல்வார். ஓதத்தைப் பார்த்துத்தான் எந்த வாய்க்கால் என்று முடிவெடுப்பார். எப்போது திரும்புவது என்பதில் பேரம்கூட நடக்கும்.

நியூயார்க்கில் பேரத்துக்கு இடமே இல்லை. ஆரோ டெவலப்மென்ட் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் ஆழமில்லாத தொட்டி வாய்க்காலை அமைத்தது. படகில் மோட்டார் கிடையாது, துடுப்பும் கிடையாது. நீர்த்தாரைகளே தள்ளிவிடும். எல்லாப் படகும் ஒரே வேகம், ஒரே வழி. யாரும் காட்சிக்கு முன் நின்று மறைக்க முடியாது. மணிக்கு ஆயிரக்கணக்கானவர் ஏறி இறங்கலாம். இதைப் பார்த்தபின்தான், நடந்து பார்ப்பதாக இருந்த 'கரீபியக் கடற்கொள்ளையர்' காட்சியையும் டிஸ்னி படகுக்கு மாற்றினார்.

*

இப்போது ஒலிபெருக்கி. முதல் யோசனைப்படி ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் தன் தேசிய கீதத்தைப் பாடவேண்டும். காகிதத்தில் எவ்வளவு நியாயமான யோசனை! போட்டுப் பார்த்தால் ஒரு கீதத்தின்மேல் இன்னொன்று ஏறி விழுந்து, எதுவும் காதில் நிற்கவில்லை. எல்லாரும் சமம் என்று சொல்லக் கட்டிய இடத்தில் சந்தைக்கடை இரைச்சல்.

டிஸ்னி ஷெர்மன் சகோதரர்களைக் கூப்பிட்டார். ராபர்ட், ரிச்சர்ட். அப்போது 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்தவர்கள். எந்த மொழிக்கும் எளிதாக மாறுகிற ஒரே ஒரு பாட்டு வேண்டும் என்றார். 1962 அக்டோபரின் கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்து அதிக நாள் ஆகவில்லை. இன்று இரவு குண்டு விழுமா என்று உலகம் தூங்காமல் கிடந்த நாட்களின் சூடு அவர்கள் மனதில் இருந்தது. அதனால் முதலில் மெதுவான, பிரார்த்தனை மாதிரியான பாட்டாகத்தான் வந்தது. டிஸ்னி வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

அந்தப் பாட்டின் சூட்சுமத்தை நம் பாணியில் சொன்னால், பல்லவியை ஒரு குழுவும் சரணத்தை இன்னொரு குழுவும் ஒரே நேரத்தில் பாடினாலும் இடிக்காது. ஒரு கூடத்தில் இது கேட்கும்போது அடுத்த கூடத்தில் அது கேட்கலாம். படகு நகர நகர இரண்டும் கலந்து ஒன்றாகும். மொழி மாறும், மெட்டு மாறாது.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புது வாதம் இல்லை. 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியபோது ராஜா அண்ணாமலைச் செட்டியார் தரப்பு கேட்டதும் இதற்குப் பக்கத்து வீடுதான். ராகமும் தாளமும் அப்படியே இருக்கட்டும். பாட்டு எங்கள் மொழியில் இருக்கட்டும். அதற்கே எத்தனை எதிர்ப்பு!

*

22 ஏப்ரல் 1964. மழை, குளிர். அதிபர் ஜான்சன் பேச எழுந்தபோது இன சமத்துவம் கேட்டுப் போராட வந்தவர்கள் முழக்கமிட்டார்கள், பலர் கைதானார்கள். 'புரிதல் வழியே அமைதி' கண்காட்சி அப்படித்தான் திறந்தது.

பெப்சி கொட்டகை வாசலில் ராலி கிரம்ப் வடிவமைத்த 'நான்கு காற்றுகளின் கோபுரம்' 120 அடி உயரத்தில் நின்றது. மேலே காற்றாடிகள் சுழன்றன. கிரம்ப்புக்கே அதில் திருப்தி இல்லை. அவர் வரைந்தது ஒல்லியான, பறக்கிற மாதிரி ஒன்று. புயலுக்குத் தாங்கவேண்டுமே என்று பொறியாளர்கள் குழாய்களைத் தடிப்பாக்கிவிட்டார்கள்.

கூட்டம் கோபுரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெரியவருக்கு 95 சென்ட், குழந்தைக்கு 60 சென்ட். இரண்டு பருவங்களில் ஏறத்தாழ ஒரு கோடி டிக்கெட் விற்றது. அந்தப் பணம் யுனிசெஃபுக்குப் போனது. பெப்சிக்குக் கிடைத்தது அந்தக் கோடிப் பேரின் நினைவில் ஒரு மூலை. பீரங்கிக் குண்டு இவ்வளவு தூரம் போயிருக்காது.

இந்தியா அந்தப் படகு வழியில் எப்படி இருந்தது? தாஜ் மகால் இருந்தது, சேலை இருந்தது. பொம்மைகளின் பாட்டு ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் ஜப்பானியத்திலும் ஸ்வீடிஷிலும் கேட்டது. நம் நாட்டு மொழி ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் எது என்று கேட்டிருப்போம். அந்த வருடம் அது விளையாட்டுக் கேள்வி இல்லை.

1964 அக்டோபரில் முதல் பருவம் முடிந்து குளிர்காலத்துக்காகக் கண்காட்சி மூடப்பட்டது. படகுகள் சும்மா கிடந்தன. அந்த ஓய்வு மாதங்களில்தான் 26 ஜனவரி 1965 வந்தது. இந்தி ஒன்றே இந்தியாவின் ஆட்சிமொழியாகப் போகிறது என்ற நாள். தமிழ்நாடு கொதித்தது. மறுநாள், ஜனவரி 27, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிதம்பரத்தில் ஊர்வலம் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டது. இராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார்.

ஷெர்மன் சகோதரர்களுக்கு ஒரு ஸ்டுடியோவில் புரிந்தது, டெல்லிக்குப் புரிய அத்தனை நாள் ஆனது. ஒரே பாட்டை எல்லாரும் பாடலாம். அவரவர் வாயில் அவரவர் மொழி இருக்கும் வரை.

*

ஏப்ரலில் படகு மறுபடி நகர்ந்தது. 17 அக்டோபர் 1965-இல் கண்காட்சி ஒரேயடியாக மூடியது. மொத்தம் வந்தவர்கள் ஐந்து கோடிக்கும் மேல். அதே மாதம் அமைதிக்கான நோபல் பரிசு யுனிசெஃபுக்கு என்று ஆஸ்லோவில் அறிவித்தார்கள்.

நியூயார்க்கில் அதற்கு யாரும் பட்டாசு வெடித்ததாகத் தெரியவில்லை. இடிக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி பெரும்பாலான கொட்டகைகளைத் தரைமட்டமாக்கி மைதானத்தை ஒப்படைக்கவேண்டும். பெப்சியின் பங்கு முடிந்தது. டிஸ்னியின் கையில் முந்நூறு சொச்சம் பொம்மைகளும், ஒரு பாட்டும், 120 அடிக் கோபுரமும். கலிஃபோர்னியா கண்டத்தின் மறுகோடியில். புதிதாகக் காசு போட ஒரு கம்பெனி தேவை. எல்லாவற்றையும் எடுத்துப்போக முடியாது. ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

இடிக்க வந்த ஆட்கள் முதலில் நடந்தது எதை நோக்கி? காலியாக இருந்த கம்பெனி நாற்காலியில் வந்து உட்கார்ந்த வங்கி எது?

(தொடரும்)