முகப்புத் துணியும் சுரண்டிய இலச்சினையும்

பழம்பொருள்களைப் பழுதுபார்ப்பது கைவினைஞரின் தொழில், வரலாற்றை ஆராய்வது அறிஞரின் தொழில் என்று வேறுபிரித்துப் பேசுவது எமது வழக்கம். ஆயின், உடைந்த வானொலிப் பெட்டியொன்றின் முகப்பைத் திருத்த முற்படுபவர், தாம் எதிர்பாராமலே வரலாற்றாசிரியரின் பொறுப்பையும் ஏற்கவேண்டி நேர்வதுண்டு. நாஜி ஜேர்மனியின் ‘மக்கள் வானொலி’ இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறினார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேர்லினில் நடைபெற்ற வானொலிக் கண்காட்சியில் வி.ஈ. 301 என்னும் புதிய பெட்டி மக்கள்முன் வைக்கப்பட்டது. 301 என்ற எண் வேறொன்றுமன்று. ஆட்சியைக் கைப்பற்றிய முதலாம் மாதத்து 30ஆம் நாளையே அது குறித்தது. மின்சுற்றினை ஓட்டோ கிரீசிங் அமைத்தார். புறக்கூட்டினை வால்ட்டர் மரியா கேர்ஸ்டிங் வடிவமைத்தார். விலை 76 மார்க். 1938இல் அதனினும் சிறிய டி.கே.ஈ. 38 வெளிவந்தபோது விலை 35 மார்க்காகக் குறைந்தது.

ஏழைத் தொழிலாளியின் வீட்டிலும் வானொலி ஒலிக்கவேண்டும் என்பது நல்ல நோக்கமன்றோ என்று எமது மாணவர் வினவக்கூடும். பொருள் மலிவானதை மட்டும் நோக்கினால் அவ்வாறே தோன்றும். அந்தப் பெட்டியினுள் பேசும் உரிமை எவர் கையில் இருந்தது என்பதையும் சேர்த்தே நாம் நோக்குதல் வேண்டும். கேட்கும் வசதி கோடிக்கணக்கானோருக்குப் பகிரப்பட்டது. பேசும் உரிமையோ பிரசார அமைச்சின் கையில் ஒடுங்கியது. 1939 செப்டெம்பர் 1ஆம் நாள், போலந்துமீது படையெடுப்புத் தொடங்கிய அன்றே, அந்நிய வானொலிகளைச் செவிமடுப்பது குற்றமாக்கப்பட்டது. அதனை நினைவூட்டும் எச்சரிக்கை அட்டைகள் வானொலியின் திருகிகளிலேயே தொங்கவிடப்பட்டன. மக்கள் அச்சிறிய பெட்டிக்குக் ‘கொயபெல்ஸின் வாய்’ எனப் பட்டப்பெயர் சூட்டியமை, அவர்கள் அதன் இயல்பை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதையே காட்டுகிறது.

இனி அப்பெட்டியின் முகப்பை நோக்குவோம். கூடு பேக்கலைட்டினால் வார்க்கப்பட்டது. 1907இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த இப்பொருள் ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாது. எனவே, விரிசலைச் சூடாக்கி ஒட்டவைத்தல் இயலாது. எப்பொக்சிப் பசையில் உரிய நிறத்தூளைக் கலந்து, பிளவில் இட்டு நிரப்பி, இறுகியபின் தேய்த்து மெருகிடுவர். கூட்டின் மேற்பகுதியில் வட்டமான திறப்பு. அதன் பின்னே துணி. துணியின் பின்னே காகிதக் கூம்பு கொண்ட ஒலிபெருக்கி. கூம்பினைத் தூசியிலிருந்தும் விரல்களிலிருந்தும் காப்பதும், ஒலியைத் தடையின்றி வெளியே விடுவதுமே அத்துணியின் கடமை.

எண்பது ஆண்டுகளைக் கடந்த துணி புகையாலும் தூசியாலும் கறுத்து, தொட்டவுடன் கிழிவது இயல்பே. அதனை மாற்றுபவர் முதலில் மின்தொடர்பை அகற்றவேண்டும். டி.கே.ஈ. 38இல் மின்மாற்றி இல்லை. அதன் உட்பாகங்களிலேயே மின்சாரம் பாயக்கூடும். மலிவுக்காகச் செய்த சிக்கனம் இன்றும் அசட்டையான கைகளைத் தாக்கும். பின்னர் ஒலிபெருக்கியைக் கழற்றி, கிழிந்த துணியை மெல்ல உரித்தெடுத்து, அதன் இழையடர்த்தியையும் நிறத்தையும் மாதிரியாக வைத்துக்கொண்டு புதுத்துணி தேடுவர். வாயருகே பிடித்து ஊதினால் மூச்சுத் தடையின்றி மறுபுறம் செல்லவேண்டும். நெருக்கமாக நெய்த துணி உச்ச ஓசைகளை விழுங்கிவிடும். நெசவின் கோடுகள் சாயாதவாறு நாற்புறமும் சமமாக இழுத்து, விளிம்பில் மாத்திரம் பசையிட்டு ஒட்டுவர். பழைய துணியை எறிந்துவிடாது, உறையிலிட்டுப் பெட்டியினுள்ளேயே வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

இதுவரை எழுந்தவை கைத்திறன் பற்றிய பிரச்சினைகளே. இதனினும் கடினமான பிரச்சினை ஒன்றுண்டு. இவ்வகைப் பெட்டிகளுள் பலவற்றின் முகப்பில் கழுகும் சுவஸ்திகாவும் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. 1945இல் ஆட்சி வீழ்ந்தது, பெட்டிகள் வீழவில்லை. பசியும் இடிபாடும் நிறைந்த நகரங்களில் மக்கள் அவற்றையே தொடர்ந்து பயன்படுத்தினர். பலர் சுவஸ்திகாவைக் கத்தியாலோ அரத்தாலோ சுரண்டி நீக்கினர். அச்சுரண்டலின் வடு இன்றும் பல பெட்டிகளில் காணப்படுகின்றது.

பழுதுபார்ப்பவர் அந்த வடுவை என்செய்வது? ‘தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே மீட்டல்’ என்பது சேகரிப்போர் பலரின் இலட்சியம். அந்த இலட்சியத்தை முற்றாகப் பின்பற்றினால், சுவஸ்திகாவை மீண்டும் வார்த்து ஒட்டவேண்டியதாகும். அது மீட்பாகாது, அழிப்பேயாகும் என்பது எமது கருத்து. சுரண்டியவர் மனந்திருந்தியவராக இருக்கலாம். தண்டனைக்கு அஞ்சியவராக இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே வெறுத்துக்கொண்டு மௌனமாகக் கேட்டவராகவும் இருக்கலாம். எதுவாயினும், மேலிருந்து வந்த குரலைக் கேட்கமட்டும் விதிக்கப்பட்ட ஒரு சாதாரண மனிதர் அப்பெட்டியின்மேல் எழுதிய ஒரே சொல் அதுதான். சுவஸ்திகா எஞ்சியிருக்கும் பெட்டியில் அதனைச் சுரண்டுவதும் இன்று எமது வேலையன்று. அதனையும் சான்றாகவே வைத்து, விளக்கத்துடன் காட்டுதல் வேண்டும்.

துணி கிழிந்தால் மாற்றலாம், விரிசலை அடைக்கலாம். அவை காலத்தால் நேர்ந்த சிதைவுகள். வடுவோ மனிதர் வேண்டுமென்றே செய்த செயல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் பயிற்சியையே வரலாறு கற்பிக்கும் நாம் எமது மாணவர்க்கு அளிக்கவேண்டும். பளபளக்கும் முகப்புடன் காட்சிக்கு வைக்கப்படும் எந்தப் பழம்பொருளின் முன்பும் நின்று, ‘இதிலிருந்து எது துடைக்கப்பட்டது?’ என்று அவர்கள் கேட்கப் பழகுவார்களாயின், எமது பணி வீண்போகாது.