கரும்பலகையில் எழுதிய பெயர்கள்

நமக்குச் சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும் சமயத்தில், ஆண்டுதோறும் அமெரிக்காவில் ஒரு பெரிய வாக்குவாதம் உச்சத்துக்கு வருகிறது. தேர்தலைப் பற்றியதல்ல; யுத்தத்தைப் பற்றியதும் அல்ல. கல்லூரி மைதானங்களில் பெயர் வாங்கிய பையன்களில் எவன் எந்த ஊர்ப் பந்தாட்டக் கோஷ்டிக்குப் போகப் போகிறான், எவனை எடுத்தால் ஊர் உருப்படும், எவனை எடுத்தால் குடி முழுகிப் போகும் என்பதுதான் விவாதப் பொருள். அப்பனும் பிள்ளையும் இதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாதத்தில் ஆட்டமே கிடையாது. செப்டம்பரில் தொடங்கிய பந்தயங்கள் பிப்ரவரியோடு ஓய்ந்துவிடுகின்றன. மைதானத்தில் புல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் பேச்சு அதிகம். தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஆச்சரியமாக இராது. 'தொடரும்' என்று போட்ட பிறகல்லவா வாசகர்கள் கதாநாயகிக்குத் தாங்களே வரன் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்!

அந்த நாட்டில் கால்பந்து என்று பெயர் சொல்லிக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். கையால் எறிவார்கள், மார்பில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், ஓடுகிறவனை நாலைந்து பேர் விழுந்து அமுக்குவார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திச் செல்கிறவனுக்குக் குவார்ட்டர்பாக் என்று பெயர். தேர்த்தட்டில் சாரதி இருப்பதுபோல அவன். இந்த ஒரு பெயரை மட்டும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

ஆட்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சடங்குக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். நமக்கு டிராஃப்ட் என்றால் பாங்கியில் வரிசையில் நின்று வாங்கும் காகிதம் நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கு அந்தச் சொல், பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பதையும் குறிக்கும். பொருத்தமான சொல்தான். போன வருஷம் யார் படுமோசமாகத் தோற்றார்களோ அவர்களுக்கு முதல் தேர்வு. கோப்பையை வென்றவர்களுக்குக் கடைசித் தேர்வு. இப்படி 32 கோஷ்டிகளும் ஏழு சுற்று வருவார்கள். பெயர் அழைக்கப்பட்ட பையன் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். "எனக்கு அந்த ஊர் வேண்டாம்" என்றால், பேச்சுவார்த்தையில் வேறு வழி பிறக்காவிட்டால், அந்த ஆண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் பெர்ட் பெல் என்பவர். பிலடெல்பியா நகரில் செல்வர் வீட்டில் பிறந்தவர். 1933-ல் நண்பர்களோடு சேர்ந்து 2,500 டாலர் கொடுத்து ஒரு கோஷ்டியை வாங்கி, அதற்கு 'ஈகிள்ஸ்' என்று பெயர் வைத்தார். பெயர்தான் கழுகே தவிர, பறந்ததாகத் தெரியவில்லை. 1935-ம் ஆண்டுப் பந்தயங்களில் வெற்றி இரண்டு, தோல்வி ஒன்பது.

அக்காலத்தில் காலேஜை விட்டு வரும் பையன் யாரோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். பணக்காரக் கோஷ்டிகளான சிகாகோ பேர்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸும் நல்ல ஆட்களை வாரிக்கொண்டு போய்விடும். மினஸோட்டா சர்வகலாசாலையில் ஸ்டான் காஸ்ட்கா என்ற முரட்டு ஆட்டக்காரன் இருந்தான். அவனுக்காகப் பெல்லும் புரூக்ளின் கோஷ்டியும் போட்டி போட்டுத் தொகையை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் புரூக்ளின்காரர்கள் கொண்டுபோனார்கள். பெல்லுக்கு மனம் கசந்தது. 1935 மே மாதம் முதலாளிகள் கூடியபோது, இனிமேல் தோற்றவனே முதலில் எடுக்கட்டும் என்று யோசனை சொன்னார். மற்ற எட்டுப் பேரும், ஜயித்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட, ஒப்புக்கொண்டார்கள். ஒரே கோஷ்டி எப்போதும் ஜயித்தால் யார் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள்? இந்த நியாயம் உண்மையானதுதான். ஆனால் ஒரு பையனோடு ஒரே ஒரு முதலாளிதான் பேசலாம் என்று ஆகிவிட்டால் சம்பளமும் ஏறாது என்ற நியாயம் அவர்கள் மனத்தில் இல்லாமலா இருந்திருக்கும்? தர்மமும் லாபமும் ஒரே பாதையில் போனால் மனிதர்கள் எவ்வளவு சுலபமாக ஏகமனதாகிவிடுகிறார்கள்!

1936 பிப்ரவரி 8-ந் தேதி பிலடெல்பியாவில் ரிட்ஸ்-கார்ல்ட்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. கூட்டம் இல்லை, காமிரா இல்லை. ஒரு கரும்பலகையில் 90 பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்களை ஆராய்ந்துவர அன்று யாரிடமும் ஒரு சிப்பந்தி கிடையாது. பத்திரிகையில் படித்தது, நண்பர் சொன்னது, எங்கோ காதில் விழுந்தது, இவ்வளவுதான் ஆதாரம். நன்றாக யோசித்துப் பார்த்தால், அன்று அந்த அறையில் இருந்தவர்களும் ரசிகர்களே. ரசிகர்கள் எந்தச் சரக்கை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்களோ அதே சரக்கை வைத்துக்கொண்டு 81 பையன்களின் எதிர்காலத்தைப் பங்கிட்டார்கள்.

முதல் பெயர் சிகாகோ சர்வகலாசாலையின் ஜே பெர்வாங்கர். சிறந்த கல்லூரி ஆட்டக்காரன் என்று பரிசு வாங்கியவன். பெல் அவனைத் தேர்ந்தெடுத்தார். பிறகு அவன் கேட்கக்கூடிய சம்பளத்தை நினைத்துப் பயந்து, அவனோடு பேசும் உரிமையைச் சிகாகோ பேர்ஸ் முதலாளி ஜார்ஜ் ஹாலஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். பெர்வாங்கர் இரண்டு வருஷத்துக்கு 25,000 டாலர் கேட்டான். ஹாலஸ் அவ்வளவு தருவதாக இல்லை. "சரி, நமஸ்காரம்" என்று சொல்லாத குறையாகப் பையன் வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். ரப்பர் வியாபாரத்தில் நன்றாகவே சம்பாதித்தான். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட அவன் ஆடவில்லை. அவன் வாங்கிய பரிசுச் சிலை உறவுக்கார அம்மாள் ஒருவர் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கப் பல காலம் பயன்பட்டது. அந்த 81 பேரில் அந்த வருஷம் ஆட வந்தவர்கள் 24 பேர்தான். ஈகிள்ஸ் 1936-ல் ஓர் ஆட்டம் ஜயித்துப் பதினொன்று தோற்றது.

அந்தக் கரும்பலகையில் யார் பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1934 முதல் 1945 வரை அந்தச் சங்கத்தில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. டிராஃப்டில் முதன்முதலாக ஒரு கறுப்பர் பெயர் அழைக்கப்பட்டது 1949-ல். அதுவும் பதின்மூன்றாவது சுற்றில். வாஷிங்டன் கோஷ்டியின் முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் 1961 வரை பிடிவாதமாக ஒருவரையும் சேர்க்கவில்லை. அவருடைய மைதானம் சர்க்கார் நிலத்தில் இருந்தது. மந்திரி ஸ்டூவர்ட் யூடால் அதைச் சுட்டிக்காட்டி நெருக்கிய பிறகுதான் இறங்கி வந்தார். அந்த டிசம்பரில் நாட்டின் முதல் தேர்வாக எர்னி டேவிஸ் என்ற கறுப்பு இளைஞனின் பெயரைச் சொன்னார். சொன்ன கையோடு பாபி மிட்செல் என்ற ஆட்டக்காரருக்கு ஈடாக அவனைக் கிளீவ்லாண்டுக்கு மாற்றினார். சில மாதங்களில் டேவிஸுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1963 மே மாதம், 23-வது வயதில், ஓர் ஆட்டமும் ஆடாமலே இறந்துபோனான்.

இந்த முறை நியாயமா என்று கோர்ட்டுக்குப் போனவர் ஒருவர் உண்டு. யாஸூ ஸ்மித் என்று பெயர். 1968-ல் வாஷிங்டன் அவரை எடுத்தது. முதல் வருஷத்தின் கடைசி ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. நாலு கோஷ்டிகளோடு பேரம் பேச விட்டிருந்தால் நல்ல சம்பளமும், காயம்பட்டாலும் பணம் உண்டு என்ற உறுதியும் வாங்கியிருப்பேனே என்பது அவர் வாதம். 1970-ல் வழக்குத் தொடுத்தார். அப்போதிருந்த டிராஃப்ட் முறை வர்த்தகப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதம் என்று 1976-ல் நீதிபதி வில்லியம் பிரையன்ட் தீர்ப்புச் சொன்னார். 1978-ல் மேல்கோர்ட்டும் சட்டவிரோதம்தான் என்றது. ஆனால் டிராஃப்ட் ஒழிந்ததா? இல்லை. 1977-லேயே ஆட்டக்காரர்களின் சங்கம் வேறு சில சலுகைகளுக்கு ஈடாக அதை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது. தொழிற்சங்கம் சம்மதித்த பிறகு கோர்ட்டுக்கு வேலையில்லை. அந்தச் சங்கத்தில் இன்னும் சேராத பையன்களுக்காக, ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்!

1980-ல் ஒரு புதிய டெலிவிஷன் கம்பெனி வந்து, "பெயர் வாசிப்பதை நாங்கள் ஒளிபரப்புகிறோம்" என்று கேட்டது. சங்கத் தலைவர் பீட் ரோஸெல் இதைப் போய் யார் பார்ப்பார்கள் என்று அதிசயித்தார். பார்த்தார்கள். நேரிலும் வந்தார்கள். நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டியின் ரசிகர்கள் பச்சைச் சட்டை அணிந்து மேல்மாடத்தில் உட்கார்ந்து, தங்களுக்குப் பிடிக்காத பெயர் வந்தால் ஊளையிடுவதை ஒரு சம்பிரதாயமாகவே ஆக்கினார்கள். 1983-ல் டான் மரினோ என்ற குவார்ட்டர்பாக்கை விட்டுவிட்டுக் கென் ஓ'பிரயனை எடுத்தபோது அவர்கள் முகம் போன போக்கைப் படத்தில் பார்க்க வேண்டும். அந்தத் தடவை ரசிகர்கள் பக்கம்தான் நியாயம். மரினோ மயாமிக்குப் போய் மகா வீரன் ஆனான்.

ஆனால் 1999-ல் நடந்ததை என்னால் அப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. மறுபடியும் பிலடெல்பியா, மறுபடியும் தோற்றுக் கிடந்த ஈகிள்ஸ். முந்தின வருஷம் மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி. ஆகவே இரண்டாவது தேர்வு அவர்களுக்கு. ஊரில் பெரும் பகுதியினர் டெக்ஸஸ் சர்வகலாசாலையின் ரிக்கி வில்லியம்ஸ் வேண்டும் என்றார்கள். அவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதில் நிகரற்றவன். நகர மேயரே அவனுக்காகப் பிரசாரம் செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ரேடியோ நிலையம் ஒன்று முப்பது ரசிகர்களைத் திரட்டி நியூயார்க்குக்கு அனுப்பியது. அங்கே ஈகிள்ஸ் சொன்ன பெயர் டானவன் மெக்நாப். சிரக்யூஸ் சர்வகலாசாலையின் குவார்ட்டர்பாக்; எர்னி டேவிஸ் படித்த அதே இடம். 22 வயதுப் பையன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, குடும்பத்தார் பார்த்துக்கொண்டிருக்க மேடை ஏறுகிறான். அந்த முப்பது பேரும் தொண்டை கிழிய ஊளையிட்டார்கள்.

பிலடெல்பியாவை அவன் கேட்டானா? அவன் பேரில் அவர்களுக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஊளையிட்டது கோஷ்டி நிர்வாகத்தை நோக்கித்தான் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். உண்மையாகவே இருக்கலாம். பெண் பார்க்கப் போன இடத்தில் தகப்பனார்மேல் உள்ள கோபத்தைப் பெண்ணின் எதிரில் காட்டினால், கேட்டுக்கொண்டிருப்பது யார்? மெக்நாப் அந்தச் சத்தத்தை வெகு காலம் மறக்கவில்லை. அவன் பதினொரு வருஷம் அந்த ஊருக்காக ஆடினான். ஐந்து தடவை சாம்பியன் பந்தயத்துக்கு முந்தின படி வரை கொண்டுபோனான். ஒரு தடவை அந்தப் படியையும் தாண்டினான். அந்த ரிக்கி வில்லியம்ஸோ? நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா அந்த வருஷத்தில் தமக்கு மிச்சமிருந்த எல்லாத் தேர்வுகளையும், அடுத்த வருஷத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அவனை வாங்கினார். ஒரு பத்திரிகை அட்டையில் டிட்கா மாப்பிள்ளையாகவும் வில்லியம்ஸ் மணப்பெண் உடையிலும் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். வில்லியம்ஸ் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் அந்தக் கல்யாணம் ஒரு வருஷம்தான் நிலைத்தது. மூன்றே வெற்றிகளோடு பருவம் முடிந்தது. டிட்காவுக்கு வேலை போயிற்று.

2005 பிப்ரவரியில் மெக்நாப் சாம்பியன் பந்தயத்தில் இறங்கி, 24-க்கு 21 என்று தோற்றான். எதிர்க் கோஷ்டியின் குவார்ட்டர்பாக் டாம் பிரேடி. 2000-ம் ஆண்டு டிராஃப்டில் 199-வது பெயர். அவனுக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பாக்குகள் அழைக்கப்பட்டிருந்தார்கள். அவனுக்காக முப்பது பேர் வண்டியேறவில்லை; அவனை எதிர்த்தும் ஒருவர் ஊளையிடவில்லை. அவன் ஏழு கோப்பைகள் வென்றான்.

மெக்நாப் போட்டிருந்த 5-ம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2013-ல் ஈகிள்ஸ் கௌரவித்தது. ஊரார் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆனால் அதற்குள் வேறொரு பெயரைப் பற்றிய முணுமுணுப்பு அந்த ஊரில் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. 2010-ல் பதின்மூன்றாவது தேர்வாகப் பிராண்டன் கிரஹாம் என்பவனை எடுத்திருந்தார்கள். ரசிகர்களில் பலர் எர்ல் தாமஸ் வேண்டும் என்றிருந்தார்கள். தாமஸ் அடுத்த தேர்வாகவே சியாட்டிலுக்குப் போய்ச் சோபித்தான். கிரஹாமோ முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தான். "அவனை விட்டுவிட்டு இவனையா?" என்ற கேள்வியை அவன் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

2017-ல் டிராஃப்ட் தான் பிறந்த பிலடெல்பியாவுக்குத் திரும்பி வந்தது. ஹோட்டல் அறையில் அல்ல. கலைக் காட்சிசாலைப் படிகளில், திறந்த வெளியில். மூன்று நாளில் இரண்டரை லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. பதினான்காவது பெயராக ஈகிள்ஸ் டெரிக் பார்னெட்டை எடுத்தது. அடுத்த பிப்ரவரியில் மினியாபோலிஸ் நகரில் சாம்பியன் பந்தயம். எதிரே மறுபடியும் பிரேடி. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. ஈகிள்ஸ் 38, எதிரி 33. பந்து பிரேடியின் கையில் இருக்கிறது. அந்தக் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டவன் கிரஹாம். தரையில் குதித்த பந்தை அள்ளிக்கொண்டவன் பார்னெட். 41-க்கு 33 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் ஈகிள்ஸ் முதன்முறையாக அந்தக் கோப்பையை வென்றது. ஊர் விடிய விடியத் தெருவில் நின்றது. அடுத்த டிராஃப்டுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.