ஊராட்சியும் தன்னாட்சியும்



கடலூர்ச் செம்மண்டலத்தினின்று புறப்பட்டு, சிதம்பரத்தைக் கடந்து தென்மேற்கே சென்றால், வீராணம் ஏரியின் அருகே காட்டுமன்னார்கோயிலை அடையலாம். சோழர் காலத்தில் அவ்வூர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. ஏரிக்கும் ஊருக்கும் பெயர் தந்தது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயரே.

அங்கே, உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டைக் கண்டேன். அது முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டிற்குரியது. அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைப் பற்றியது. அரச குடும்பத்தையே உலுக்கிய கொலை அது. ஆயினும் அரசன் திருமுகம் விடுத்தது யாருக்கு? அவ்வூர்ப் பெருங்குறிப் பெருமக்களுக்கு, அதாவது ஊர்ச்சபையாருக்கு! ஊர் நிலத்தின் காரியத்தைப் பேரரசனும் ஊர்ச்சபையின் வழியே நடத்தினான்.

இத்தகைய சபையின் வாரியங்களில் அமரத் தகுதி யாது? பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் விடை கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களும் விரிந்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும்; மறைப்பதற்கு இடமில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன இவ்வாறே அமைந்தன.

என் நெஞ்சைத் தொட்டது மற்றொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அமர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் அமர இயலாது. இதனைப் படித்தபோது நான் நாணினேன். கல்லூரி நாட்களில் ஒரு மாணவர் சங்கத்திற்குப் பொருளாளனாக இருந்தேன். ஆண்டிறுதியில் கணக்கை ஒப்புவிக்க இயலாது தவித்தேன். பணம் குறையவில்லை, அன்றன்று எழுதி வைக்கும் ஒழுங்குதான் குறைந்திருந்தது. தன்னை ஆளாதவன் பிறர் பொருளை எவ்வாறு ஆள்வான்?

பழம்பெருமை பேசி இங்கே நின்றுவிடலாகாது. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே உரியது. பெண்களுக்கும் உழைப்பாளர்க்கும் அதில் இடமில்லை. அக்குறையை நீக்கப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடமளித்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் இன்று அதன் உறுப்பினர். கூலி வேலை செய்யும் தாயும் எழுந்து நின்று ஊர்க் கணக்கைக் கேட்கலாம்.

நண்பர்களே, 18 வயது நிறைந்ததும் அவ்வுரிமை உங்களுக்கும் வரும். அந்நாள்வரை காத்திராதீர்கள். வகுப்பின் சிறு நிதியாயினும், விளையாட்டுக் குழுவின் பந்தாயினும், உங்களிடம் ஒப்படைத்ததற்குக் கேளாமலே கணக்குக் காட்டுங்கள். தன்னாட்சி அங்கே தொடங்குகிறது. ஊராட்சி அதன்மேல் எழுகிறது.