சாவுக் கோடு

பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவன் காதில் வாரம் தவறாமல் விழும் இங்கிலீஷ் வார்த்தை 'டெட்லைன்'. ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொல்வார். எழுதுகிறவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். இன்ன கிழமை, இன்ன மணிக்குள் அத்தியாயம் வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் அர்த்தம். நாம் 'கெடு' என்கிறோம். கடன் கொடுத்தவனும் கெடு வைக்கிறான், கோர்ட்டும் கெடு வைக்கிறது. யாரும் அதனால் உயிரை விடுவதில்லை. இங்கிலீஷ் வார்த்தையில் மட்டும் சாவு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

அதைத் தெரிந்துகொள்ள 1864-ஆம் வருஷத்து அமெரிக்காவுக்குப் போகவேண்டும். வடக்கு ராஜ்யங்களுக்கும் தெற்கு ராஜ்யங்களுக்கும் யுத்தம். பிடிபட்ட வடக்கத்திச் சிப்பாய்களை அடைப்பதற்காக, ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற சிற்றூரின் பக்கத்தில் அந்தப் பிப்ரவரியில் ஒரு சிறை திறந்தார்கள். சிறை என்றதும் கட்டடத்தை நினைக்க வேண்டாம். பைன் மரங்களை நெருக்கி நட்ட மதில், உள்ளே வெட்டவெளி. 10,000 பேருக்கென்று போட்ட இடத்தில் ஆகஸ்டு மாதம் சுமார் 33,000 பேர் கிடந்தார்கள். கம்பளியைக் குச்சியில் கட்டி அந்த நிழலில் படுத்தார்கள். கம்பளி இல்லாதவன் வெயிலில் படுத்தான்.

மதிலுக்கு ஏறக்குறைய 19 அடி உட்புறமாகச் சின்னக் கம்புகளை நட்டு, அவற்றின் தலையில் மெல்லிய சட்டங்களை அடித்திருந்தார்கள். அந்த எல்லைக்குத்தான் 'டெட்லைன்' என்று பெயர். அதைத் தாண்டினால் மதில்மேல் கூண்டில் நிற்கும் காவலாளி சுடலாம். சில இடங்களில் சட்டமும் இல்லை. எல்லை இருப்பதாகக் கைதியே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். நிஜச் சட்டத்தைவிட இந்த இல்லாத சட்டம்தான் எனக்குப் பயங்கரமாகப் படுகிறது.

முகாமின் நடுவே ஓர் ஓடை ஓடிற்று. அதில் எல்லா அசுத்தமும் கலந்தது. கொஞ்சம் தெளிந்த தண்ணீர் வேண்டுமானால், ஓடை மதிலுக்குள் நுழைகிற இடத்தில், எல்லையருகே போய்க் கை நீட்டவேண்டும். அப்படி நீட்டியவர்கள் சிலர் சுடப்பட்டார்கள். குண்டால் மாண்டவர்கள் கொஞ்சம். பேதியும் ஸ்கர்வி நோயும் வாரிக்கொண்டு போனவர்களே அதிகம். 14 மாதங்களில் அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் திரும்பவில்லை.

யுத்தம் முடிந்ததும் அந்தச் சிறையின் அதிகாரி ஹென்றி விர்ஸை வாஷிங்டனில் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. குற்றப்பத்திரிகையிலேயே இந்த வார்த்தை இருக்கிறது. 1865 நவம்பர் 10-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள்.

வார்த்தை மட்டும் பிழைத்துக்கொண்டது. அச்சு யந்திரத்தில், இந்த வரம்புக்கு அப்பால் எழுத்து வைத்தால் காகிதத்தில் விழாது என்று காட்டும் கோட்டுக்கும் இதே பெயர் வந்தது. 1920 வாக்கில் பத்திரிகை ஆபீஸ்களில் கோடு போய் மணி வந்துவிட்டது. அந்த வருஷமே ஒரு பத்திரிகை ஆபீஸ் கதை 'டெட்லைன் அட் லெவன்' என்று மௌனப் படமாக வெளிவந்தது.

பத்திரிகைக்கும் ஆண்டர்சன்வில்லுக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. டாரன்ஸ் அட்வாட்டர் என்று ஒரு கைதி. 19 வயசுப் பையன். செத்தவர்களின் கணக்கை எழுதும் வேலை அவனுக்கு. எழுதும்போதே ரகசியமாக இன்னொரு பிரதி எடுத்து, விடுதலையானபோது அதை மறைத்துக் கொண்டுவந்துவிட்டான். 1865 கோடையில் கிளாரா பார்ட்டன் அம்மையாரும் கூடப் போனவர்களும் அந்தக் கணக்குகளின் உதவியால்தான் புதைகுழிகளுக்குப் பெயர்ப்பலகை நட்டார்கள். பெயர் தெரியாமல் நின்றவை 460 மட்டுமே. தன் கையால் எழுதிய பட்டியலைத் தானே திருடினான் என்று சொல்லி, சர்க்கார் அட்வாட்டரைச் சிறையில் போட்டது, பாருங்கள்! வெளியே வந்த பிறகு, 1866-இல், நியூயார்க் டிரிபியூன் பத்திரிகைக்காரர்கள் அந்தப் பட்டியலை அச்சிட்டார்கள், பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாதிருந்த வீடுகளுக்காக.