பழவேற்காடு: வந்தவர்களும் வாழ்பவர்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதுகலை மாணவர்களுடன் பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தோம். நெய்தல் திணையை நான்கு சுவர்களுக்குள் நடத்திச் சலித்ததன் விளைவு அப்பயணம். ஏரிக்கரையில் நின்றபோது, இமயமலையின் ஔலிக்குப் போய்வந்திருந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "பனிச்சறுக்கை வைத்தே அங்கே பலர் பிழைக்கிறார்கள். இங்கே இவ்வளவு நீரும் பூநாரைகளும் இருந்தும் நல்ல விடுதிகள் ஏன் வரவில்லை, ஐயா?" அன்று நம்மால் முழுமையாக விடை சொல்ல இயலவில்லை.

ஔலியிலிருந்தே தொடங்குவோம். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. பனி போதாத நாள்களுக்கென நீரைத் தேக்கி, இயந்திரங்களால் பனி உண்டாக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அம்மலைச்சரிவுக்குக் கீழே உள்ள ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. பழைய நிலச்சரிவின் படிவுகள்மீது அமைந்த ஊர் அது. அங்கே கனத்த கட்டுமானங்கள் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. விரிசலுக்குக் காரணங்கள் பல. பழி முழுவதையும் பனிச்சறுக்கின்மீது சுமத்துவதற்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வருபவரின் தேவைக்கும் நிலத்தின் தாங்குதிறனுக்கும் இடையே எல்லை வகுப்பவர் யார்? பழவேற்காட்டின் நானூறு ஆண்டு வரலாறும் இக்கேள்வியைத்தான் எழுப்புகிறது.

இங்கே டச்சுக்காரர்கள் துணி தேடி வந்தார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. இவ்வூர் வழியே போன துணியின் நினைவாக, மலாய் மொழியில் கைலிக்குக் 'காயின் பெலிகாட்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. துணியோடு போனவர்களும் உண்டு. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கானோர் 17-ஆம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முற்றிலுமாக மாறியது. கோட்டை இன்று ஒரு மண்மேடு. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

வந்தவர்களின் வரலாறு கல்லில் இருக்கிறது. வாழ்பவர்களின் வரலாறு 'பாடு' என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது. உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் இச்சொல், 'மீன்பாடு' என்னும்போது கிடைத்த மீனையும் குறிக்கும். பழவேற்காட்டுப் பட்டினவர் குப்பங்களிலோ அது ஒரு முறைமையின் பெயர். கடலிலிருந்து முகத்துவாரம் வழியே இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. அவை கடலுக்குத் திரும்பும் வழியில் வலை ஊன்றுவோர்க்கே பெரும்பயன். ஆகவே நல்ல இடம் ஒருவர்க்கே நிலைத்துவிடாதபடி, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொண்டனர். ஏரியை ஒரே நாளில் அரித்தெடுக்கவிடாத ஒழுங்கு அது.

அதனைப் பொற்காலமாகப் புனைந்துவிடவும் கூடாது. பாட்டில் பங்கு பட்டினவர் ஆண்களுக்கே உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும், பிற சமூகத்தார்க்கும், பெண்களுக்கும் அதில் இடமில்லை. 1970-களுக்குப் பின் ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியபோது ஏரிக்குள் இறங்கியவர்கள் பெருகினர், பூசல்களும் பெருகின. பாட்டின் குறை அதன் வாயில் குறுகியது என்பதே. எல்லை வகுத்தது அதன் குறையன்று.

இதற்கிடையே எல்லை வகுக்கும் உரிமையே இடம் மாறிவிட்டது. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவை ஏவுதளத்துக்கென 1969-இல் தேர்ந்தெடுத்தபோது தீவின் மக்கள் இடம்பெயர நேர்ந்தது. தெற்கே 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. இக்கரையில் மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்வது. அலைத்தடுப்புச் சுவர் அதனை மறித்தால் வடபுறக் கரை அரிக்கும். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைக் குப்பத்து மக்கள் எதிர்ப்பது இதனால்தான். ஏரியையும் கடலையும் பிரிக்கும் மெல்லிய மணல்திட்டு அறுபட்டால் ஏரியே இராது என்று அவர்கள் அஞ்சுகிறார்கள்.

சுற்றுலாவும் கண்ணீர் தராமல் இல்லை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எத்தனை பேர் ஏறலாம், முகத்துவாரத்து நீரோட்டத்தில் எப்போது போகலாம் என்னும் எல்லைகளைப் பொருட்படுத்தாத வேடிக்கைக்குக் கிடைத்த விலை அது.

ஆகவே அம்மாணவர்க்கு இன்று நாம் சொல்லக்கூடிய விடை இது. விடுதி வரலாம், வருவதில் குற்றமில்லை. ஆனால் எத்தனை அறைகள், எத்தனை படகுகள், கழிவுநீர் எங்கே போகும், வருவாயில் யாருக்கு எவ்வளவு என்பவற்றை ஏரியில் இறங்குவோர் அனைவரும் கூடி முடிவுசெய்ய வேண்டும். இருளரும் பெண்களும் அமராத கூட்டம் அக்கூட்டமாகாது.

அன்று மாலை திரும்பும்போது ஒரு முதியவர் படகோரம் அமர்ந்து வலையின் கிழிசல்களை முடிந்துகொண்டிருந்தார். மறுநாள் தம் முறை என்றார்.